கரண்டி அக்காவுக்கு நான் கொடுத்த தண்டனை

என் வீட்டுக்காரர் இறந்தபோது ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பேசியதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துக் கற்றதுதான்.

"படுக்கையில விழாம போயிட்டாரு, குடுத்து வச்சவரு" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"அழுதுடுங்க அண்ணி, உள்ளயே வச்சா சுகர் ஏறிடும்" என்றாள் நாத்தனார்.

எல்லாம் அன்பாகச் சொன்னவை. ஒரே ஒரு பேச்சு மட்டும் முள்ளாகத் தைத்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைச் சொன்னவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் அன்னதானம் நடக்கும். காய் நறுக்குவது எங்கள் கூட்டத்தின் வேலை. என் பிள்ளை வளர்ந்தது, பேரப்பிள்ளைகள் பிறந்தது, வீட்டுக்காரருக்கு பைபாஸ் செய்தது எல்லாவற்றையும் அந்தச் சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்து, பூசணிக்காய் சீவிக்கொண்டேதான் பேசித் தீர்த்தேன். எங்களுக்குத் தலைமை ஓர் அக்கா. சாம்பார் கிண்டும் பெரிய கரண்டியை வேறு யார் கையிலும் தர மாட்டார் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவரைக் கரண்டி அக்கா என்போம்.

காரியமெல்லாம் முடிந்த அடுத்த வெள்ளி, ஆங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அவருடைய நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சமையற்கட்டு வாசலில் கரண்டி அக்கா, கரண்டியோடு மறித்தார்.

"ஒரு வருஷத்துக்கு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு? துக்கக் கையோட வந்து சாமி சோத்துல கைய வைக்கப் போறியா?"

உள்ளே இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். எல்லோருடைய கத்தியும் நின்றது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொலைக்காட்சி ஓடும்; என்ன ஓடுகிறது என்று தெரியாது. மகள் ஜூரோங்கிலிருந்து ஞாயிறுதோறும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவருவாள். "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா, இத்தன வருஷம் ஒழைச்சாச்சு லா" என்பாள். ரெஸ்ட்! போன ஞாயிற்றுப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை என்பதை அவள் குளிர்பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தாள். ஏன் என்று என்னைக் கேட்கவில்லை. கூட வந்த மாப்பிள்ளைதான் பதில் சொன்னார்: "வயசானா பசி கொறையும்."

அரசாங்கப் பாலிகிளினிக்கில் சர்க்கரை பார்க்கப் போனபோது, எடை இறங்கியிருந்ததைக் கண்ட தமிழ்த் தாதி ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, டெய்லி யார்கூடயாவது பேசுறீங்களா?"

"பேசுறேனே. லிஃப்ட்டுகூட."

"லிஃப்ட்டுகூடயா?"

"அதுதாம்மா வாயத் தொறந்து எந்த மாடின்னாவது சொல்லுது."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டாள். இது வயசு இல்லை, மனச்சோர்வு என்ற நோய் என்றார் டாக்டர். துணை போனது, கோயில் வேலை போனது, கூட்டம் போனது, எல்லாம் ஒன்றாய் வந்தால் யாரையும் சாய்த்துவிடும் என்றார். மாத்திரை தந்தார். மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி.

ஆனால் கட்டிலைவிட்டு என்னை முழுசாக இறக்கியது கோபம்தான். கரண்டி அக்காவுக்கு ஒரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று தலை வாரும்போது யோசித்தேன். அதற்காகவே தினமும் தலை வார ஆரம்பித்தேன். சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாதே என்று சாப்பிட்டேன். கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்கினால் மானம் போகுமே என்று கீழே இறங்கி எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்தேன். என்னைப் பார்த்து மகள் பூரித்துப்போனாள். என்ன மருந்து என்று நான் சொல்லவில்லை.

வருஷத் திதி முடிந்தும் கோயிலுக்குப் போகாமல், வார்த்தையைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கூட்டத்துப் பெண் ஒருத்தி போன் பண்ணினாள். கரண்டி அக்காவின் கணவர் தவறிவிட்டாராம்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை.

காரியம் முடியட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொன்னதையே அவர் வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போகும் முன், என் பேச்சு பலமாக இருக்கட்டும் என்று கோயில் குருக்களிடம் விதியைக் கேட்டேன்.

"காரியம் முடிஞ்சா தீட்டும் போச்சும்மா. வருஷம் பூரா வரக் கூடாதுங்கறது சில வீட்டு வழக்கம். உங்கள யார் வராதேன்னது?"

கோயிலில் வேலை செய்யும் நாங்கள் ஒருத்திகூட, பத்தடி தள்ளி நின்ற குருக்களைக் கேட்டதே இல்லை. ஒருவர் வாயால் என் ஒரு வருஷம் போயிருந்தது.

அந்தக் கொதிப்போடுதான் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். திரைச்சீலை மூடியிருந்தது. தொலைக்காட்சி ஓடியது. மேசையில் பிரிக்காத பொட்டலம். அக்கா தலை வாரி எத்தனை நாளோ.

தீட்டிவைத்ததை எடுத்து வீசினேன். "ஒரு வருஷம் வாசப்படி மிதிக்கக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

இதற்கா இத்தனை நாள் சாப்பிட்டு, நடந்து, உடம்பைத் தேற்றினேன்? சண்டைக்கு ஆளே இல்லை. இவரை இப்படியே விட்டால் என் பழி தீராது.

"எந்திரிங்க. தலைய வாருங்க."

"எங்க?"

"கோயிலுக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"ஐயோ, தீட்டு..."

"குருக்களக் கேட்டாச்சு, இல்லையாம். அன்னைக்கு நீங்க யாரக் கேட்டு எனக்குச் சொன்னீங்க?"

"எங்க மாமியா சொன்னது" என்றார்.

"அவங்க செத்து எத்தன காலமாச்சு! வாங்க."

பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனோம். சமையற்கட்டுக்குள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நுழைந்தேன். மறுபடியும் எல்லோருடைய கத்தியும் நின்றது.

"அக்காவுக்குத் தீட்டு இல்லையாம். எனக்கும் இருந்திருக்கல. அன்னைக்கே" என்றேன். குரல் நடுங்கவில்லை.

உள்ளே இருந்தவர்கள் தலை குனிந்தார்கள். குனியட்டும். அக்காவைப் பூசணிக்காய்க்கு முன்னால் உட்காரவைத்து, கரண்டியை நான் எடுத்துக்கொண்டேன்.

இன்றும் அது என்னிடம்தான். "உப்பு நான் போடட்டுமா?" என்று அக்கா தரையிலிருந்து கேட்பார். "நீங்க காயப் பாருங்க" என்பேன். ஒவ்வொரு வெள்ளியும் அது எனக்கு இனிக்கிறது.

போன வெள்ளி காலை, வரவில்லை என்று போனில் சொன்னார்.

"ஏன்?"

"ஒண்ணுமே பிடிக்கல. படுத்தே கெடக்கலாம்னு இருக்கு."

"உங்களுக்கு லீவு குடுத்தது யாரு? கீழ எறங்கி நில்லுங்க, வர்றேன்."

"நீ என்னய விடவே மாட்டியா?"

"மாட்டேன்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.