மில் வெப்சைட்டுக்குப் பூக்கேட்ட கதை

கோழித்தீவன மில்லில் நான் பார்த்த வேலைக்கென்று ஒரு பெயர் கிடையாது. 'வெப்சைட் பாக்கற அம்மிணி' என்பார்கள், அவ்வளவுதான். காலையில் வந்ததும் அன்றைய தீவன விலை, எந்த ஊருக்கு என்றைக்குக் குஞ்சு இறங்கும், வெயில் காலமென்றால் கோழிக்கு என்ன மருந்து என்று இணையதளத்தில் ஏற்றுவேன். அதையே போன் ஆப்பில் மறுபடி அடிப்பேன். அதையே மில் வாசலில் ஓடும் எழுத்துப் பலகைக்கும் அடிப்பேன். ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப அடிக்கத்தான் காலேஜுக்குப் போனாயா என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். அவருக்கென்ன, லாரியேறினால் வடக்கே போய்த் திரும்ப வாரக்கணக்காகும். கண் தெரியாத மாமியாருக்கு மத்தியானச் சோறு போட நடுவில் ஓடிவர விடுகிற வேலை நாமக்கல் பக்கம் வேறெங்கே இருக்கிறது? நாற்பதைத் தாண்டியவளை இனி எவன் கூப்பிடப் போகிறான்?

அந்த வேலைக்குத்தான் வேட்டு வைத்தார் முதலாளியின் மருமகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருப்பவர். எங்கள் பழைய மென்பொருளில் எவனோ புகுந்து, போன கோடையில் தீவன விலை இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடியிருந்தது. பண்ணைக்காரர்கள் போன் போட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு அது போதுமாயிருந்தது. "இதத் தூக்கிப் போட்டுட்டு ஹெட்லெஸ்ஸுக்குப் போயிரலாங்க மாமா" என்றார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தலையில்லாததுங்கறாரு மாப்ள. கோழியில கேள்விப்பட்டிருக்கறேன், வெப்சைட்டுல என்னங்க அம்மிணி? நமக்குப் புரியறாப்பல சொல்லுங்க."

சொன்னேன். பழைய முறையில் எழுதுகிற இடமும் பக்கம் தெரிகிற இடமும் ஒன்றாக இருக்கும். நானே எழுதி, படத்தை அங்கே இங்கே நகர்த்தி, எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு வெளியிடலாம். புது முறையில் எழுதியதெல்லாம் தனியாக ஓரிடத்தில் கிடக்கும். இணையதளம், ஆப், வாசல் பலகை எல்லாமே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை அடித்தால் போதும். வேகமும் உண்டு, கண்டவன் புகுவதும் குறையும். ஆனால் புதிதாக ஒரு பக்கம் வேண்டுமென்றால் புரோகிராம் எழுதுகிறவர்களைத்தான் எதிர்பார்த்து உட்கார வேண்டும்.

"நமக்கு எதுங்க நல்லது?"

பொய் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் வரவில்லை. "உங்களுக்குப் புதுசுதானுங்க அய்யா நல்லது. ஒண்ணையே மூணு தடவ அடிக்கற எனக்குத்தான் வேலை இருக்காதுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன், மாப்பிள்ளை முன்னால் மட்டும் வாயே திறக்காது. "பழசே இருந்தா நீங்களே பாத்துக்குவீங்க. மாப்ள பேச்சையும் தட்ட முடியாதுங்க. கொலதெய்வத்துக்கிட்டயே பூக் கேட்டுரலாம் சாமி" என்றார்.

போர்வெல் போடுவதற்கும் பெண் எடுப்பதற்கும் பூக்கேட்டுப் பார்த்திருக்கிறேன். மென்பொருளுக்குக் கேட்டது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். சிரிப்புத்தான் வரவில்லை. மல்லசமுத்திரம் பக்கம் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோவிலுக்கு என்னையும் காரில் கூட்டிப்போனார். மாப்பிள்ளையும் வந்தார். வெள்ளைப் பூ வந்தால் பழசு, சிவப்பு வந்தால் புதுசு. பூசாரி இரண்டையும் ஒன்றுபோல இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்தார். முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்களே எடுங்க சாமி."

அட கடவுளே, என் கையாலேயா! தாயே, என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை அரளி.

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாப்பிள்ளை முகம்கூடச் சுளிக்கவில்லை. "சாமி சொன்னா சரிங்க மாமா, பழசே இருக்கட்டும்" என்று விழுந்து கும்பிட்டார். தங்கமான பிள்ளை என்று நினைத்தேன், என் புத்தியை என்னத்தைச் சொல்ல. வீட்டுக்கு வந்து மாமியாருக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் மென்பொருளுக்குள் போகப் பார்த்தால் கடவுச்சொல் தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு. ஆனால் இணையதளத்தில் அன்றைய தீவன விலை ஏறியிருந்தது. ஆப்பிலும் இருந்தது, வாசல் பலகையிலும் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். பழைய மென்பொருளேதானாம், பெங்களூரிலிருந்து அவருடைய ஆட்களே பார்த்துக்கொள்வார்களாம். "பூ வந்த அன்னிக்கே மாமாகிட்ட சொல்லிட்டேங்க மேடம்" என்றார், மரியாதையாக.

முதலாளி அறைக்கு ஓடினேன். "அய்யா, வெள்ளைப் பூத்தானுங்களே வந்துச்சு? பழசே இருந்தா நான் பாத்துக்கலாம்னுதானுங்களே சொன்னீங்க?"

அவர் மேசையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வெப்சைட்டப் பத்தித்தானுங்க பூக்கேட்டோம் சாமி. உங்களப் பத்தி நாம கேக்கலீங்களே."