ஐஸ் பெட்டிக்குள் ஒரு கோழிக்கறி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நண்பர்கள் வட்டத்தில் ஐஸ் மாமா என்றுதான் பெயர். குழந்தைகள் வைத்தது, பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

கம்பெனி சூப்பர்வைசர் வீட்டு மொட்டை மாடியில் வருடத்துக்கு ஒரு விருந்து. ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை நம்மவர் பச்சைக் கோழியும் உரிக்காத வெங்காயமும் பெரிய சட்டியுமாக வந்து இறங்கினார். "சுடச்சுட இங்கேயே பண்ணிடலாம் அண்ணி!" சூப்பர்வைசரின் மனைவிக்குத் தன் அடுப்பு திரும்பக் கிடைத்தபோது மற்றவர்கள் வெறும் ரொட்டியைத் தின்று முடித்திருந்தார்கள். மறு வருடம் அண்ணி போனில் தேனாய்ப் பேசினார்: "தம்பி, நீங்க ஐஸ் மட்டும் கொண்டு வாங்க, போதும்."

அன்றிலிருந்து ஐஸ்தான். இவர் கைப்பக்குவத்தை வீட்டுக்கு வெளியே ஒரு நாக்கும் அறியாது. அந்த ஏக்கம் முற்றித்தான் இந்த வருடம் போன் போட்டார்.

"அண்ணி, இந்தத் தடவை கோழிக்கறி. முழுசா வெந்தது. கரண்டிகூட என்னுது. உங்க அடுப்புப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"சரி தம்பி. ஆனா ஆறிப்போச்சு, சூடு பண்ணணும்னு கிச்சன்ல நுழைஞ்சீங்க, ஆயுசுக்கும் ஐஸ்தான்."

விருந்தன்று ஐஸ் பெட்டியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். துண்டு சுற்றிய சட்டியைச் சுடச்சுட உள்ளே இறக்கினார்.

"என்னங்க, ஐஸ் பெட்டில கறியா?" மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உள்ள இருக்கறது ஐஸா கறியான்னு பெட்டிக்குத் தெரியுமா? வெச்சத வெச்சபடி வெச்சிருக்கும், அவ்வளவுதான்."

மாடியில் கறி சுட அடுப்புக்கரி கனன்றுகொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்ததும், "ஐஸ் வந்தாச்சு!" என்று குளிர்பான பாட்டில்களோடு கூட்டம் பாய்ந்தது.

"தொறக்காதீங்க! உள்ள கறி!" என்று பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஐஸ் எங்க மாமா?"

யாரும் கொண்டுவரவில்லை. இவர் இருக்கும்போது ஐஸைப் பற்றி யார் நினைத்தார்கள்? "நானே வாங்கிட்டு வர்றேன்" என்று அண்ணி கடைக்குக் கிளம்பினார்.

திரும்பி வரும்போது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. அபாய மணி அலறியது.

எல்லார் முகமும் இவர் பக்கம் திரும்பியது. இவர் பெட்டியைப் பார்த்தார், புதுச் சட்டையைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

நல்லவேளை, மோட்டார் அறை மாடியிலேயே இருந்தது. போகிற போக்கில் மனைவியைக் கையோடு கூட்டிப் போனார். மெயினை அணைத்தார். "இந்த லிவரை நான் சொன்னா மட்டும் அழுத்து. நிறுத்துன்னா உடனே விட்டுடு."

"வீட்லயும் இதானே நடக்குது" என்றாள் அவள், லிவரைப் பிடித்தபடி.

அவள் பிரேக்கைத் தளர்த்த, இவர் சக்கரத்தைக் கையால் சுற்றினார். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. லிஃப்ட் கயிற்றில் மாடிக்கான அடையாளம் வந்ததும், "நிறுத்து!" சாவியோடு படியில் பாய்ந்து கீழே போய்க் கதவைத் திறந்தார். அண்ணி நின்றிருந்தார், புடவை நனைந்து, கையில் பாதி தண்ணீராகிவிட்ட ஐஸ் பையோடு.

மேலே வந்தபோது சுட்ட கறி, ரொட்டி எல்லாம் காலி. சிலர் தட்டை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"உன் கறி ஆறிப்போயிருக்கும்பா. அடுப்புல வெச்சு எடுத்துக்கோ, பரவாயில்ல" என்றார் சூப்பர்வைசர் பெருந்தன்மையாக.

அண்ணி மெக்கானிக்கையே பார்த்தார்.

"வேண்டாம் அண்ணே." கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியையும் சட்டியையும் திறந்தார்.

ஆவி குபீரென்று முகத்தில் அடித்தது. அடுக்கிய தட்டுகள் அத்தனையும் திரும்பக் கைக்கு வந்தன. குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு முண்டின. முதல் கரண்டி அண்ணிக்கு. அவர் ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டு. வாய் நிறைய வைத்துக்கொண்டு கணவரிடம் திரும்பினார்:

"என்னங்க, அடுத்த வருஷம் ஐஸ் நீங்க!"

மாடியே ஓவென்று கத்தியது. மெக்கானிக்கின் தட்டில் விழுந்தது சட்டியில் மிஞ்சிய ஒரே ஒரு உருளைக்கிழங்கு. அதை ராஜா மாதிரி சாப்பிட்டார்.

"சட்டியைக் குடுங்க தம்பி, கழுவித் தர்றேன்."

"ஐயோ, வேண்டாம் அண்ணி. அடுத்த வருஷமும் நான் கறி கொண்டு வரணும்ல, உங்க சிங்க் பக்கம்கூட வர மாட்டேன்."