இறக்கத்தில் மட்டும் வரும் ஊளை

எங்கள் தெருவில் அவரைப் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். லாரி மெக்கானிக்கான அவர் ஓரிடத்தில் நின்று பேசியதைக் கண்டவர் எவருமில்லை. சென்ற வாரம் அவர் வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றதற்கு அவருடைய மனைவி காரணம். மலைமேல் கட்டப்படும் நீர்த்தொட்டிக்குச் சிமெண்ட் கொண்டுசெல்லும், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் ஃபோர் வீல் லாரியை ஓட்டுபவர் அந்த அம்மாள். திரும்பி இறங்கும்போது வண்டிக்கடியில் ஏதோ ஊளையிடுகிறது என்றார்.

பம்பரம் பட்டறையில் லாரியை லிஃப்டில் தூக்கிச் சக்கரங்களைச் சுழலவிட்டார். ‘டக் டக்’ என்றது. பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டின் ஜாயிண்டை மாற்றினார். ஊளை நிற்கவில்லை. முன்தண்டின் ஜாயிண்டையும் மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை.

“அடுத்து என்னையும் மாத்திடுவீங்களா?” என்றார் மனைவி.

“உன் ஜாயிண்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய்தான் லூசு.”

“லிஃப்டுல தொங்குற வண்டி எப்படிங்க மலை இறங்கும்? என்கூட வந்து கேளுங்க.”

அங்கேதான் சிக்கல். மலைச்சாலையில் பிறர் ஓட்ட, அருகில் அமர்வதென்றால் அவருக்குப் பயம். ஆனால், சரிவில் பின்சக்கரங்கள் திடீரென்று பூட்டிக்கொண்டால் மனைவியின் கதி என்ன என்னும் நினைப்பு அவரை அதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. ஏறிக்கொண்டார்.

மேலே சிமெண்டைப் போட்டுவிட்டுத் திரும்பி இறங்கத் தொடங்கியதும் அவர் கால் தரையை அழுத்தியது.

“அங்க பிரேக் இல்லைங்க. தகரத்தை ஓட்டை போட்டுடாதீங்க.”

அப்போது ஊளை எழுந்தது.

“ஃபோர் வீலை எடு” என்றார். மனைவி நெம்புகோலை மாற்றி, முன்சக்கரங்களுக்குப் போகும் விசையைத் துண்டித்தார். ஊளை தொடர்ந்தது. “அப்ப முன்பக்கம் இல்லை. கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடு.” ஓசை அடங்கியது. “காலை எடு.” மீண்டும் ஊளை.

“நிறுத்தும்மா!”

அகலமான ஓரத்தில் லாரி நின்றது. அடியில் புகுந்து, பின் அச்சின் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்புக் குடத்தைத் தொட்டவர், சுடுசட்டியைத் தொட்டதுபோல் கையை உதறினார். எண்ணெய் கசிந்து வற்றியிருந்தது. உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் தேய்ந்த பேரிங் அலறும். லிஃப்டில் அந்தத் தள்ளல் ஏது? அங்கு அவர் கேட்ட ‘டக் டக்’, சக்கரங்கள் தொங்கியதால் தண்டுகள் கோணலாகச் சுழன்ற ஓசை மட்டுமே. நல்ல ஜாயிண்டுகளை அநியாயமாகக் கழற்றியிருந்தார்.

“இன்னும் நாலே வளைவுதான். மெதுவா உருட்டிட்டுப் போயிடறேன்” என்றார் மனைவி.

“சாவியைக் குடு.”

“மேல அடுத்த லோடு சிமெண்டுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“காத்திருக்கட்டும். குடும்மா.” பம்பரம் கையை நீட்டியபடி ஒரே இடத்தில் நின்றார். மனைவி சாவியைக் கொடுத்தார்.

இழுவை வண்டிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவர் சக்கரங்களுக்குக் கல் வைக்கத் தொடங்கினார்.

“எல்லாத்துக்கும் வெச்சாச்சு. இன்னும் எங்க போறீங்க?”

“இதெல்லாம் சின்னக் கல்லு” என்று சொல்லிக்கொண்டே, அவர் பாறைச்சரிவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.