ரோஜா இலையில் கரும்புள்ளி

வெயிலில் நாளெல்லாம் சுருண்டு கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் சுடும். விரலை நீட்டிப் பார்த்து, சூடு போய்க் குளிர்ந்த பிறகுதான் அப்பா அதை ரோஜாச் செடிகளின் தலைமேல் திருப்புவார், அதுவரை காலடி மண்ணிலிருந்து கிளம்பும் ஆவியை நான் மூச்சிழுத்துக் குடித்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் 'குவார்ட்டர்ஸ்' வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூட வேலை; மாற்றல் கிடைக்காமல், கோடை விடுமுறைக்கு மட்டும் வந்து போனாள். அப்பா பேச்சுக் குறைந்தவர். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து திரும்பி வேட்டிக்கு மாறியதும் "குழாயப் பிடிட்டி" என்பார்; அது மடங்கிவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே நடக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்பார், ஆற்றில் நீந்திய கதை சொல்வார். தண்ணீரை நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும்.

எங்கள் தெருவில் எல்லார் வீட்டுச் செடியும் சாயங்காலம் குளித்தது. கடலே இல்லாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இலைக்கு எது வந்தாலும் கடல்மேல் பழி. அந்தத் தை மாதம், அம்மா நட்டுவிட்டுப் போன ரோஜாக்களில் கரும்புள்ளி விழுந்தபோதும், "உப்புக் காத்துட்டி, கழுவிவிட்டாத்தான் இலை மூச்சு விடும்" என்று அப்பா இன்னும் அதிகமாகக் கழுவினார். இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, அம்மா வருவதற்குள் வெறும் குச்சிதான் மிஞ்சும் போலிருந்தது.

அப்பாவோடு வேலை பார்த்த, திருக்கழுக்குன்றத்து ஏழுமலை மாமா ஒருநாள் ஸ்கூட்டரை நிறுத்திச் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்த, செடிக்குத் தெனம் தலைக்கு ஊத்திகினு கீற? ஜலதோசம் புடிச்சிக்கப் போவுது!"

"எல்லாம் உங்க ஊருக் காத்து செய்யுத வேலைதான் வே."

"எங்கூரு காத்து எங்களத்தான் வளத்துச்சு. உன் செடிய மட்டும் கடிச்சி வச்சிடுச்சா?"

அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. உப்பு தின்ற குரோட்டன்ஸ் இலை ஓரத்திலிருந்து தீய்ந்துகொண்டு வரும். ரோஜாவிலோ ஓரம் பச்சையாகவே இருக்க, நடுவில் மை தெறித்தாற்போல வட்டங்கள், சுற்றிலும் மஞ்சள், அதுவும் அடி இலையில் தொடங்கி மேலே ஏறின. கடலைப் பார்த்த சுவரோரம், குழாய் எட்டாத இடத்தில் ஒரு ரோஜா நின்றது. காற்று முதலில் அறைவது அதன்மேல்தான். பள்ளிக்கூடம் கிளம்புமுன் அதன் வேரில் மட்டும் நான் ஒரு சொம்பு ஊற்றுவேன். அதில் ஒரு புள்ளி இல்லை.

இரவெல்லாம் இலையில் தங்கும் ஈரம்தான் காரணம் என்று புரிந்தது. அதைச் சொன்னால் சாயங்காலங்கள் போய்விடும் என்பதும் கூடவே புரிந்தது. குழாயைப் பிடித்தபடியே சொன்னேன். அப்பா குனிந்து, சுவரோரத்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிதாம்ட்டி" என்று தண்ணீரை நிறுத்தினார்.

மறுநாளிலிருந்து, நான் எழுமுன்பே, வேரில் மட்டும் தண்ணீர் விட்டார். புள்ளி விழுந்த இலைகளையும் உதிர்ந்தவற்றையும் பொறுக்கி எரித்தார். காற்று நுழைய நெருக்கமான கிளைகளை வெட்டினார். சித்திரையில் அம்மா வந்தபோது துளிர்கள் கறையில்லாமல் மினுங்கின. "கடக்காத்துலயும் நல்லாத்தான் வச்சிருக்கிய" என்றாள். "இவதான் கண்டுபிடிச்சா" என்றார் அப்பா. அம்மா போன பின்பும் ரோஜாக்கள் பூத்தன. மாலைகளில் அவர் கூடத்தில் செய்தித்தாளோடு, நான் உள்ளறையில் வீட்டுப்பாடத்தோடு. சேர்ந்து நிற்க வேறு காரணம் எதையும் இருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தத் தெருவில் இப்போது மண்ணே இல்லை. வாசல்தோறும் சிமெண்ட் பூசிக் கார் நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா செங்கல்பட்டில் என்னோடு இருக்கிறார். பொழுது சாய்ந்ததும் நாற்காலியை வாசலுக்கு இழுத்து வந்து, "வேலை ஏதும் இருக்காட்டி?" என்கிறார். "ஒண்ணுமில்லப்பா" என்கிறேன். நானும் படியில் உட்கார, இருவரும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.