மாமா நிறுத்திய நான்கு தறிகள்

நான்கு விசைத்தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறி நின்றபோது வந்த அமைதி இன்றும் என் காதில் இருக்கிறது. கொல்லையில் காக்கை கரைவதை, அந்த வீட்டுக்கு வந்த மூன்று மாதத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தறிகளை நிறுத்தியவர் என் மாமனார். நான் கையில் துணிப்பையோடு வாசற்படியில் நின்றிருந்தேன்.

நான் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் விவசாய வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் பாம்பு வந்துவிட்டது என்று பொருள். வாழ்க்கைப்பட்டு வந்த அம்மையார்குப்பத்திலோ, சாப்பிட்டாயா என்பதையே மாமா பாம்பைக் கண்டவர் போலத்தான் கேட்பார். ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப்போடும், கண்ணில் தண்ணீர் முட்டும். அவருக்கு என்மேல் வெறுப்பு என்று முடிவே கட்டிவிட்டேன். பெரியவர்களிடம் தலைகுனிந்து மெதுவாகப் பேச வேண்டும் என்று அம்மா வளர்த்திருந்தாள், அப்படியே பேசினேன். தறி வீட்டில் முகத்தையும் உதட்டையும் பார்த்துத்தான் பேச்சு என்பது எனக்குத் தெரியாது. வாயைத் திறக்காத திமிர்க்காரி என்று அந்த வீட்டார் நினைத்திருக்கிறார்கள்.

அன்று கணவர் நூல் வாங்கத் திருத்தணிக்குப் போயிருந்தார். தறிகளுக்கு நடுவிலிருந்து மாமா ஏதோ கத்தினார். என் கையிலிருந்த சொம்பு நழுவி விழுந்தது. போதும் என்று பையை எடுத்தேன். திரும்பி வருவதாக இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதை இல்லையே என்று, வழக்கம்போலத் தரையைப் பார்த்துச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பையைப் பார்த்தார். போய்த் தறிகளை நிறுத்தினார்.

"இப்ப சொல்லும்மா. இன்னா ஆச்சி? நீ பேசறது ஒண்ணும் காதுல வுழல" என்று அந்த அமைதியிலும் கத்தினார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணில் கோபமே இல்லை, பயந்துபோயிருந்தார். "நீங்க கத்தறது பயமா இருக்குது மாமா" என்றேன், முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து. "நானா கத்தறேன்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். அதற்குள் அக்கம்பக்கத்தார் ஓடி வந்துவிட்டார்கள். கரண்ட் இருக்கும்போது பட்டப்பகலில் தறி நின்றால் எங்கள் தெருவில் சாவு என்று அர்த்தம். "யாரும் சாவல, போங்க. மருமவ பேசிகினு இருக்குது" என்று அவர்களை அனுப்பிவைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பை உள்ளே போனது.

பல வருடம் கழித்து அவரைச் சோதித்த காது டாக்டர், தறிச் சத்தத்தில் கேட்கும் திறன் எப்போதோ குறைந்துவிட்டது என்றார். தன் குரலே அவருக்குச் சரியாகக் கேட்டதில்லை. என் உடம்போ, குரல் உயர்ந்தால் என்னைக் கேட்காமலே நடுங்கப் பழகியிருந்தது. இரண்டு உடம்புகள் வளர்ந்த விதத்துக்கு நான் வெறுப்பு என்று பெயர் வைத்து, ஒரு நல்ல மனிதரை உதறிவிட்டுப் போகப் பார்த்தேன். அன்றிலிருந்து, நான் பேச வந்தால் பக்கத்திலிருக்கும் தறியையாவது நிறுத்திவிட்டுத்தான் கேட்பார். அதற்கு அவர் இருக்கும்போது நான் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை.

இப்போது திருத்தணியில் மகனோடு இருக்கிறோம். போன மாதம் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டே, புதிதாக வந்திருக்கும் மருமகளிடம் உப்பு கேட்டேன். அவளுடைய தோள் இரண்டும் சட்டென்று தூக்கிக்கொண்டன. தரையைப் பார்த்து ஏதோ சொன்னாள். இத்தனை வருடத் தறி வீடு என் தொண்டையில் குடியேறியிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மிக்ஸியை நிறுத்தினேன்.

"இப்ப சொல்லும்மா" என்றேன்.