டெய்சி எழுதிவைத்த ஒரு வரி

செவ்வாய்க்கிழமை காலை, திருவொற்றியூர் தேரடியில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது எங்கள் அலுவலகக் காவலர் மாணிக்கம் போனில் அழைத்தார். "சார், நம்ம டெய்சிம்மா பூட்டாங்க சார். மஞ்சக்காமாலைன்னாங்களே, அத்தோட..." எனக்கு உடனே அழுகை வரவில்லை. சீ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது: இனி அந்த விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அழுகை ஆட்டோவில் ஏறிய பிறகு வந்தது.

என்ன விஷயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டெய்சியோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும், அவரைத் தெரியாத மற்றவர்களும் படிக்க வேண்டும்.

எண்ணூர் பக்கத்து கன்டெய்னர் யார்டுக்கு வரும் லாரிகளுக்கு கேட் சீட்டு அடிக்கும் மென்பொருள் எங்களுடையது. நாங்கள் எழுதுவதைத் திரட்டி, சோதித்து, தானாகவே யார்டுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டை பில்ட் என்போம். அதை முழுக்கக் கட்டியது ராயபுரத்து டெய்சிதான். யார்டின் பெயர், சர்வர் முகவரி எல்லாவற்றையும் நாங்கள் வரிக்கு வரி நேரடியாக அடித்துவைப்போம். அவரோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, அதன் மதிப்பை பில்ட் கோப்பின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் எழுதினார். "மாறுற சாமானுக்கு ஒரு பேரு வெச்சி ஒரே எடத்துல வைபா. அப்பால தேடிகினு அலையாத," என்பார். மணலி புதுநகரில் இரண்டாவது யார்டு திறந்தபோது, ஒரு வாரம் உட்கார வேண்டும் என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம். டெய்சி மூன்று வரிகளை மாற்றிவிட்டு, "வாங்கபா, டீ சாப்ட்டு வரலாம்," என்று எழுந்துவிட்டார்.

நான் எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவன். ஆனாலும் அலுவலகத்தில் கழுவித் துடைத்த தமிழ்தான் பேசுவேன். தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்த ஒரு கூட்டத்தில் டெய்சி, "டெஸ்ட்டு ரெடியா கீது சார்," என்றபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே வந்ததும் ஜாடையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "வூட்ல பேசறத இங்க பேசனா இன்னா சேகரு? கம்ப்யூட்டரு கோச்சிக்குமா?"

அந்த பில்ட்டில் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்: எல்லாச் சோதனையும் தேறினால் மட்டும் மேலாளரின் திரைக்கும் யார்டுக்கும் அனுப்பு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குள் மென்பொருளின் புதிய திரையை மேலாளருக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு சோதனை தேறவே மாட்டேன் என்றது. சர்ச்சில் தன் அம்மாவின் நினைவுத் திருப்பலிக்காக டெய்சி அரை நாள் விடுப்பில் போயிருந்தார். நான் அந்த நிபந்தனையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'ஆம்' என்று அடித்தேன். எது எப்படிப் போனாலும் ஆம். திரை மேலாளருக்கு வந்தது. அப்படியே யார்டுக்கும் போய்விட்டது. அங்கே எல்லா லாரிக்கும் ஒரே கன்டெய்னர் எண்ணில் சீட்டு வர, கேட்டை மூடிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எண்ணூர் சாலை நெடுக லாரிகள் நின்றன. என் கழுத்து அட்டையைப் பார்த்த ஒரு டிரைவர், "இன்னா சார், காலைல துன்னது. வண்டிய வுட்டு எறங்கவும் முடில. பேஜாரா கீது," என்றார்.

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம். பில்ட்டுக்கு ஆளுக்கொரு லாகின் வாங்கச் சோம்பல்பட்டு, எல்லோரும் டெய்சியின் லாகினிலேயே நுழைவோம். பாஸ்வேர்டு அவர் மேசையில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கும். திங்கட்கிழமை விசாரித்தபோது, மாற்றியவர் என்று பதிவில் இருந்தது டெய்சியின் பெயர். "வீட்லருந்து செஞ்சீங்களா?" என்று மேலாளர் கேட்டார். டெய்சி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என் பேர்ல கீது சார். நான் பாத்துக்கறேன்," என்றார். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவருக்கு வர வேண்டிய குழுத் தலைமை அந்த மாதமே எனக்கு வந்தது. "இன்னாபா, பிரியாணி எப்போ?" என்று கேட்டுக் கை கொடுத்தார், பாவி மனுஷி.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கையில் சாத்துக்குடிப் பையோடு வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், அவர் வேலையை யாராவது பார்க்க வேண்டுமே என்று பில்ட் கோப்பைத் திறந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. தொடக்கத்தில், அவர் பெயர் கொடுத்து வைத்திருந்த வரிகளில் கடைசியாக, 'சேகர் அவசரம்' என்று ஒன்று இருந்தது. அதன் மதிப்பு 'இல்லை'. கீழே, நான் அழித்த நிபந்தனையைத் திரும்ப எழுதி, அதிலும் இதைச் சேர்த்திருந்தார். அதை 'ஆம்' என்று மாற்றினால், சோதனை தேறாவிட்டாலும் மேலாளரின் திரைக்குப் போகும். யார்டுக்கு மட்டும் போகாது. பக்கத்தில், ஆங்கில எழுத்தில் நம் பாஷையில் ஒரு குறிப்பு: "அவசரம்னா இத்த மாத்திக்கோ. லாரி நிக்காது. பயப்படாத." எழுதிய தேதியைப் பார்த்தேன். விசாரணை நடந்த அதே திங்கட்கிழமை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் கை கொடுத்திருக்கிறார்.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்கும் தெரியும். பதிவில் அந்த மாற்றத்துக்குக் கீழே 'செய்தது சேகர்' என்று எழுதியிருக்கிறேன். டெய்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வரிதான். தயவுசெய்து யாரும் அதை நீக்க வேண்டாம். மூன்று வருடமாக அது எனக்காக அங்கேயே இருந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் முன்னால் அழுதிருப்பேன்.