பழகிய கை

கோயமுத்தூரில் எங்கள் புகைப்படச் சங்கத்தின் செயலாளர் உடம்பெல்லாம் பை தைத்த கோட்டுப் போட்டிருப்பார். பைகளில் பாக்குப் பொட்டலம்தான் இருக்கும். யாருக்காவது புத்தி சொல்லுமுன் தன் கேமரா லென்ஸை ஒருமுறை ஊதுவார். தொண்ணூறுகளில், முதல் எஸ்எல்ஆர் கேமராவாக எதை வாங்கலாம் என்று அவரிடம் கேட்டேன்.

ஊதினார். “ஆட்டோஃபோகஸெல்லாம் சோம்பேறிங்களுக்குங்க. கையில திருகுற மேனுவல் வாங்குங்க, அப்பத்தான் கை பழகும். என்னோடதையே குடுத்துப்போடறேனுங்க.”

பணம் கொடுத்து, பக்தியோடு வாங்கிக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் பளபளவென்று ஓர் ஆட்டோஃபோகஸ் கேமராவோடு வந்தார்.

“ஏனுங்க, அது சோம்பேறிங்களுக்குன்னீங்களே?” என்றேன்.

மறுபடி ஊதினார். “எனக்குத்தான் கை பழகிப்போச்சுங்களே!”

அப்போதே மேனுவலைத் திருகி அவரைப் படம் எடுத்தேன். படத்தில் சிரிப்பு மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆள்தான் இன்னும் பிடிபடவில்லை.